சாட்சி சொன்ன கீரை

கல்யாணமாகி நான் குடித்தனம் வந்தது ஓர் ஈயத் தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸுக்கு. அறுபதுகளின் தொடக்கம் அது. புதுக்கோட்டை அப்போது தனி மாவட்டம் ஆகவில்லை. எந்தக் குறையென்றாலும் திருச்சிக்குத்தான் எழுதிப் போட வேண்டும். நார்த்தாமலைப் பக்கம் போகிற ரோட்டில் ஒரு பொட்டலை வளைத்துக் கட்டிய கம்பெனி. பஸ்ஸிலும் லாரியிலும் உழைத்து ஓய்ந்த பேட்டரிகள் மலைமலையாக வந்து இறங்கும். அவற்றை உடைத்து, உள்ளே இருக்கும் காரீயத் தகடுகளை உலையில் உருக்கி, கட்டிகளாக வார்த்து வெளியூருக்கு அனுப்புவார்கள். பேட்டரி கழுவிய தண்ணீர் ஒரு வாய்க்கால் வழியாகப் பின்பக்கத்து வயல்களைப் பார்த்துப் போகும். என் கணவர் ஸ்டோரில் கிளார்க். பேட்டரிகள் அவரைத் தாண்டித்தான் உலைக்குப் போகும்.

ஆவூரில் எங்கள் அப்பா மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். பிடிவாதமாக என்னைத் திருச்சியில் கல்லூரி வரை படிக்க வைத்தார். நான் எடுத்தது தாவரவியல். "அத வச்சு என்ன செய்வ?" என்று ஊரில் கேட்காதவர் இல்லை. எனக்கும் பதில் தெரியாது. கல்யாணம் செய்துகொண்டேன்.

முதலாளி நல்ல மனிதர். இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை. பர்மாவில் வியாபாரம் செய்துகொண்டிருந்தவர், யுத்தத்தில் எல்லாவற்றையும் போட்டுவிட்டு நடந்தே ஊர் வந்து சேர்ந்தவர். வெற்றிலை, புகையிலை, காபி எதுவும் கிடையாது. உடம்பைக் கோயில் மாதிரி பார்த்துக்கொள்வார். ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பிள்ளைகுட்டிகளை விசாரிப்பார். கம்பெனியின் புகை யாருக்காவது கெடுதல் செய்யும் என்று அவரிடம் சொன்னால், தன்னையே திட்டிவிட்டதுபோல முகம் சுருங்கிவிடும்.

ஒருநாள் காலையில் பின்பக்கத்து வயல்காரர் ஒருவர் கேட்டுக்கு வந்து நின்றார். வாய்க்கால் ஓரம் மேய்ந்த அவருடைய பசு செத்துப்போயிருந்தது.

"பல்லை நறநறன்னு கடிச்சுக்கிட்டே இருந்துச்சுங்க. அப்பறம் கண்ணு தெரியல. செவுத்துல போயி மண்டையக் குடுத்துக்கிட்டு நின்னுச்சு. அப்படியே விழுந்துருச்சு. ஒங்க தண்ணிதாங்க காரணம்" என்றார்.

"மாட்டுக்கு என்ன வியாதியோ என்னமோ. என் தண்ணி எதுக்கு ஒன் மாட்டைக் கொல்லப் போகுது?" என்றார் முதலாளி, உண்மையான வருத்தத்தோடு.

வயல்காரர் திருச்சிக்குப் பெட்டிஷன் போட்டார். ஆபீசர் விசாரணைக்கு வரப் போகிறார் என்று தெரிந்ததும் முதலாளி என்னைக் கூப்பிட்டனுப்பினார். நான் பயந்துகொண்டே போனேன்.

"ஏம்மா, நீ பாட்டனி படிச்ச பொண்ணாமே?"

"ஆமாங்க ஐயா."

"செடி பொய் சொல்லுமா?"

பரீட்சைக் கேள்வி என்று நினைத்துக்கொண்டு, "சொல்லாதுங்க" என்றேன்.

"அதுதான் வேணும். மாடு நாலு எடத்துல மேயுது, எதைத் தின்னு செத்துச்சுன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவான். செடி அப்படியில்ல. வேரை ஊனி ஒரே எடத்துல நிக்குது. இங்கிட்டுக் காத்தோ தண்ணியோ கெட்டுக் கெடந்தா மொதல்ல அதுதான சாகணும்? கம்பெனியச் சுத்தித் தோட்டம் போடு. ஆபீசர் வந்து செடியைக் கேட்டுக்கட்டும்."

தொழிற்சாலைகளைச் சுற்றிச் செடி வைத்து, இலையைப் பரிசோதித்துக் காற்றின் கெடுதலைக் கண்டுபிடிப்பதைப் பற்றி வெகுகாலம் கழித்து நான் படித்தேன். பெரிய விஞ்ஞானிகள் செய்கிற காரியம். எங்கள் முதலாளிக்கு அது யார் சொல்லியும் தெரிய வேண்டியிருக்கவில்லை. என்ன, அவர்கள் பதில் தெரியாமல் செடியைக் கேட்டார்கள். இவர் பதிலை முதலிலேயே முடிவு செய்துகொண்டு கேட்டார்.

எனக்கோ தலைகால் புரியவில்லை. என் படிப்புக்கு ஒரு வேலை! ஒரே விதையை மூன்று இடத்தில் போடுவது என்று திட்டமிட்டேன். உலைச் சுவரை ஒட்டி ஓர் இடம், குவார்ட்டர்ஸ் வாசலில் ஓர் இடம், ஆவூரில் எங்கள் அப்பா வீட்டில் ஓர் இடம்.

"ஆவூர்ல எதுக்கும்மா? அங்கதான் கம்பெனியே இல்லையே" என்றார் முதலாளி.

"அதனாலதாங்க ஐயா" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் படித்த பெண் ஏதோ சொல்கிறாள் என்று விட்டுவிட்டார்.

முதலில் அவரைக்கொடியும் ரோஜாவும் கனகாம்பரமும் வைத்தோம். வேலைக்கு ஒரு தோட்டக்காரர் இருந்தார். வாய் ஓயாத மனிதர். தண்ணீர் ஊற்றும்போது செடியோடு பேசுவார், செடி இல்லாவிட்டால் குழாயோடு பேசுவார். உலைச் சுவரை ஒட்டிய அவரை நாலு இலை விட்டதுமே நரம்புக்கு நடுவில் வெளுத்துக் கருகிப்போயிற்று. குவார்ட்டர்ஸ் வாசலில் இருந்தது பாதி கருகியது. ஆவூரிலோ கொடி பந்தலேறிக் காய்த்தது. நான் மூன்று இலைகளையும் எடுத்துக்கொண்டு முதலாளியிடம் ஓடினேன். கேட்டதற்குச் செடி இவ்வளவு தெளிவாகப் பதில் சொல்லியிருக்கிறதே என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

அவர் கருகிய இலையைக் கையில் வாங்கி, சீக்காளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "நோஞ்சான் விதையாப் பாத்துக் குடுத்துட்டானுக போல. வேற செடி வையி" என்றார்.

வேறு செடி வைத்தோம். ரோஜா இலையுதிர்த்துக் குச்சியாக நின்றது. அதையும் மாற்றினோம். கனகாம்பரம் போனது, மல்லிகை வந்தது. மல்லிகை போனது, செம்பருத்தி வந்தது. டவுனிலிருந்து தொட்டி தொட்டியாகச் செடிகள் வந்து இறங்கின.

"இது தோட்டமில்ல ஆத்தா, சத்திரம். வர்றவுகளும் போறவுகளுமாவே இருக்காக" என்றார் தோட்டக்காரர்.

கடைசியில் அரளியும் கள்ளியும் குரோட்டன்ஸும் நிலைத்தன. எந்தப் புகையிலும் பச்சை மாறாத ஜாதிகள். உள்ளதைச் சொன்ன சாட்சிகளை ஒவ்வொன்றாக அனுப்பிவிட்டு, வாயே திறக்காத சாட்சிகளை வைத்துக்கொண்டு நாங்கள் ஆபீசருக்காகக் காத்திருந்தோம்.

இதற்கிடையில் தோட்டக்காரர் என்னைக் கேட்காமலே ஒரு காரியம் செய்திருந்தார். வாய்க்காலை அவ்வப்போது தூர்வாரி வண்டலைக் கிழக்குப் பக்கம் கொட்டுவார்கள். புகை அந்தப் பக்கம் அவ்வளவாகப் போகாது. அந்த வண்டலில் எருவைக் கலந்து, கிணற்றுத் தண்ணீர் பாய்ச்சி, தண்டுக்கீரை விதைத்துவிட்டார். அது இடுப்பு உயரம் வளர்ந்தது. தண்டு என் மணிக்கட்டுப் பருமன். இலையில் ஒரு பொட்டு இல்லை, ஓர் ஓட்டை இல்லை. அப்படி ஒரு கீரையை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

ஆபீசர் ஜீப்பில் வந்தார். அரளியைப் பார்த்துத் தலையசைத்தார். கீரைப் பாத்திக்கு வந்ததும் நின்றுவிட்டார்.

"எங்க பங்களாவுல எவ்வளவோ பாடுபட்டும் இப்படி வரலையே. என்ன உரம் போடுறீங்க?"

"உரமென்ன சார், எல்லாம் நம்ம கம்பெனி மண்ணுதான்" என்றார் முதலாளி. அதைவிட உண்மையான வார்த்தையை அவர் அந்த விசாரணையில் சொல்லவில்லை.

சுற்றுப்புறம் செழிப்பாக இருக்கிறது, கெடுதல் ஒன்றும் தென்படவில்லை என்று விசாரணை முடிந்தது. போகும்போது ஜீப்பின் பின்சீட்டில் ஒரு பெரிய கட்டுக் கீரையும் போனது. மாட்டைக் கட்டிப்போட்டு வளர்க்கும்படி வயல்காரருக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

அதோடு கம்பெனிக் கீரைக்குப் பெயர் வந்துவிட்டது. குவார்ட்டர்ஸில் வீட்டுக்கு ஒரு கட்டு. முதலாளிக்கு அது தினப்படி உணவாயிற்று. மத்தியானம் கூட்டு, ராத்திரி மசியல். அவருக்குச் சில காலமாக வயிற்றுவலியும் மலச்சிக்கலும் இருந்தன. டாக்டர் பார்த்துவிட்டு, "கீரை நிறையச் சாப்பிடுங்க" என்றார். முதலாளி இன்னும் ஒரு கை கூடுதலாகச் சாப்பிட்டார்.

வயிற்றுவலி அவருக்கு மட்டும் சொந்தமில்லை. உலையில் நின்றவர்கள் எல்லோரும் முறைவைத்ததுபோல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தார்கள். காலையில் குழாயடியில் பெண்கள் பார்த்துக்கொண்டால், "இன்னைக்கு யாரு வீட்டுல?" என்றுதான் பேச்சே ஆரம்பிக்கும். என் கணவரும் நண்டு மாதிரிச் சுருண்டு கிடப்பார். வாயு என்றார்கள். பூண்டு வேகவைத்துக் கொடுத்தேன். கூடவே கீரையும் கொடுத்தேன்.

ஒரு காலை அவர் கிணற்றடியில் பல் விளக்கிக்கொண்டிருந்தார். சிரித்தபோது பார்த்தேன். ஈறும் பல்லும் சேருமிடத்தில், பென்சிலால் கோடு இழுத்ததுபோல ஒரு கருநீலக் கோடு.

"என்னங்க இது?"

"வெத்தலைக் கறையா இருக்கும்" என்றார். அவர் வெற்றிலை போடுகிறவர் இல்லை.

என்னோடு திருச்சியில் படித்த தோழி ஒருத்தி அப்போது புதுக்கோட்டையிலேயே கல்லூரி ஒன்றில் ரசாயன லேபில் டெமான்ஸ்டிரேட்டராக இருந்தாள். டவுனுக்குப் போன அன்று அவளிடம் இதைச் சொன்னேன். அவள் கையிலிருந்த கண்ணாடிக் குழாயைக் கீழே வைத்தாள்.

"அது காரீயம்டி. ஒடம்புக்குள்ள போயி ஈறுல கோடு போட்டிருக்கு. வேலை செய்யிற எடத்துத் தூசி ஒண்ணு. சாப்பாடு என்ன சாப்பிடுறாரு?"

"சாப்பாட்டுக்கு என்ன கொறை? கம்பெனிக் கீரைதான் தெனமும்" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"அதுல ஒரு சாக்கு கொண்டா" என்றாள்.

கொண்டுபோனேன். ஆவூர் அப்பா வீட்டுத் தண்டுக்கீரையும் அதே அளவு. இரண்டையும் மூன்று தண்ணீர் விட்டு அலசினோம், தூசி என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக. உலர்த்தினோம். பீங்கான் கிண்ணங்களில் போட்டுச் சாம்பலாக்கினோம். சாம்பலை அமிலத்தில் கரைத்தாள். அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஒரு வாயுவை அதற்குள் செலுத்தினாள். ஆவூர்க் கீரை தண்ணீர்போலத் தெளிவாகவே இருந்தது. கம்பெனிக் கீரை கறுத்தது. அந்தக் கறுப்பைத் தனியே பிரித்து, மறுபடி கரைத்து, இன்னொரு மருந்தை விட்டாள். பளிச்சென்று மஞ்சளாயிற்று. சூடு காட்டினாள், மஞ்சள் கரைந்து மறைந்தது. "இப்ப பாரு" என்று குழாயைக் குளிர்ந்த தண்ணீரில் பிடித்தாள்.

குழாய்க்குள் தங்கத் துகள்கள் மினுமினுத்துக்கொண்டு இறங்கின. அவ்வளவு அழகு. நாங்கள் இரண்டு பேரும் கல்லூரிப் பெண்களாகிக் கைதட்டிவிட்டோம். ஒரு சோதனை புத்தகத்தில் இருக்கிறபடியே வந்தால் வருகிற சந்தோஷம் அது. கை தட்டி முடித்த பிறகுதான், காலையில் அதே கீரையைக் கடைந்து மூடிவைத்துவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது. அடுத்த பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு ஓடினேன்.

அவரையின் கதையும் எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவரையைக் கருக்கியது உலையின் அமிலப் புகை. ஈயத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லவேயில்லை. ஈயத்தை உள்ளே வாங்கிவைத்துக்கொண்ட கீரையோ வெளியில் எதையும் காட்டாமல், அந்த ஊரிலேயே அழகான செடியாக நின்றது. செடி பொய் சொல்லாது என்று முதலாளியிடம் நான் சொன்னது சரிதான். அதை எப்படிக் கேட்பது என்பதுதான் எங்கள் இருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

குவார்ட்டர்ஸ் பெண்களிடம் சொன்னேன். பக்கத்து வீட்டு அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒங்க பாத்தியில ஒண்ணும் வெளங்கல, தோட்டக்காரரு போட்டது நல்லா வந்துருச்சு. அதுக்காக இப்படியா சொல்லுவாக?" என்றார். என் கணவர் மட்டும் தட்டைத் தள்ளிவைத்தார். நம்பினார் என்று சொல்ல முடியாது. கீரை அவருக்கு ஏற்கனவே அலுத்துப்போயிருந்தது.

மறுநாள் குழாயை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனேன். ஜன்னல் வெளிச்சத்தில் அதை ஆட்டிப் பார்த்தார். கண் விரிந்தது.

"என்னம்மா, தங்கமா?"

"இல்லீங்க ஐயா, காரீயம். நம்ம கீரையில இருந்து எடுத்தது."

"எலையில இருந்தா?"

"ஆமாங்க. வண்டல்ல இருக்கிற ஈயத்தைக் கீரை உறிஞ்சிருக்கு."

அவர் குழாயை மறுபடி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பயந்துவிட்டார் என்று நினைத்தேன். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, தணிந்த குரலில் கேட்டார்: "அப்ப எத்தனை கட்டுக் கீரைக்கு ஒரு கட்டி ஈயம் எடுக்கலாம்?"

ஈயம் உலைக்குப் போகாமல் வாய்க்காலில் வீணாகிறதே என்று அவருக்கு எத்தனையோ வருஷக் கவலை. அதைக் கீரை பிடித்து வைத்திருக்கிறதாம்.

"ஐயா, அது ஈயம்னா நீங்க தெனமும் ரெண்டு வேளை சாப்பிடுறதும் ஈயம்தாங்க. ஒங்க வயித்துவலி அதனாலதான் இருக்கும்" என்றேன்.

அவர் கை தானாக வயிற்றுக்குப் போனது. முகத்தில் இருந்த வியாபாரி மெல்ல எழுந்து போய், உடம்பைப் பேணுகிற மனிதர் வந்து உட்கார்ந்தார். "அந்தக் கீரையைப் புடுங்கிப் போடச் சொல்லு. இனிமே நம்ம வீட்டுக்கு இங்கிருந்து ஒரு எலை வரக்கூடாது. சந்தையில நல்லதாப் பாத்து வாங்கிக்கிறோம்" என்றார்.

"ஆளுங்களுக்குங்க ஐயா?"

"அவுக ஒழைக்கிற ஒடம்பு. அதெல்லாம் செரிச்சுரும்."

அந்த ஒரு வார்த்தைக்காக நான் அவரை வெகுநாள் மன்னிக்கவில்லை. பார்த்துப் பார்த்து ஆட்களை விசாரிக்கிற அதே வாய்தான் அதையும் சொன்னது.

பாத்தியில் கீரை கொஞ்சம் கொஞ்சமாக இல்லாமல் போனது. வாரச்சந்தை நாளில் நானும் என் கணவரும் டவுனுக்குப் போனோம். கீரைக்காரர்கள் வரிசையில் ஓரிடத்தில் மட்டும் கூட்டம். எட்டிப் பார்த்தால், மணிக்கட்டுப் பருமனான தண்டுகள். அவற்றுக்குப் பின்னால் எங்கள் தோட்டக்காரர், கீரையோடு பேசியபடி தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே இது? முதலாளி புடுங்கிப் போடச் சொன்னாருல்ல?" என்றேன்.

"புடுங்கிட்டேனே ஆத்தா. எங்க போடணும்னு அவுக சொல்லலையே. இம்புட்டு நல்ல கீரையக் குப்பையில போட மனசு வருமா?"

நான் பேச வாயெடுப்பதற்குள், முதலாளி வீட்டுச் சமையல்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பையோடு வந்தார். இருப்பதிலேயே தளதளவென்றிருந்த கட்டாகப் பொறுக்கினார். "ஐயா கம்பெனிக் கீரை ஆகாதுன்னுட்டாக. சந்தையில ஒசத்தியாப் பாத்து வாங்கியாரச் சொன்னாக. இதைவிட ஒசத்தி எங்க இருக்கு?" என்றார்.

"எவ்வளவு நாளா இங்க வாங்குறீங்க?" என்றார் என் கணவர்.

"அவுக வேணாம்னதுல இருந்து இவருகிட்டதான்."

என் கணவர் அந்தக் கூட்டத்துக்கு நடுவில் நின்று சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்; பாதியில் அது வலியாகிவிட்டது, அப்படியே தரையில் உட்கார்ந்தார். தோட்டக்காரர் பயந்துபோய் அவர் முகத்தில் கீரைக்குத் தெளிக்கிற தண்ணீரைத் தெளித்தார். இது எங்கே விளைந்த கீரை, என்ன செய்யும் என்று நான் அங்கேயே நின்று உரக்கச் சொன்னேன். கூட்டம் கலைந்தது. தோட்டக்காரர் முகம் வெளுத்துவிட்டது. "என் வீட்டுலயும் இதைத்தான ஆத்தா சமைக்கிறாக" என்றார். மிச்சக் கட்டுகளை வாரிச் சாக்கில் திணித்துக்கொண்டு வேகமாகப் போய்விட்டார்.

சமையல்காரர் போய்ச் சொன்னதும் முதலாளி அன்று மாலையே திருச்சிக்குக் கிளம்பி ஒரு பெரிய டாக்டரைப் பார்த்தார். அவர் முதலாளியின் ஈறைப் பார்த்தார், காரீயம் ஏறினால் கை பலமற்றுத் தொங்கிவிடுமாம், அதற்காக மணிக்கட்டைத் தூக்கச் சொன்னார், ரத்தம் எடுத்தார். "உங்களுக்கே இப்படின்னா உலையில நிக்கிறவங்க எப்படி இருப்பாங்க? எல்லாரையும் அனுப்புங்க" என்றாராம். வயல்காரரும் நானும் சொல்லியும் நடக்காத காரியம் முதலாளியின் வயிறு சொன்னதும் நடந்தது. வண்டலை வாரிக் குழியில் போட்டு மூடினார்கள். கழுவிய தண்ணீர் வெளியே போகாமல் சிமென்டுத் தொட்டி கட்டினார்கள். ஆட்களுக்குச் சோப்பு வந்தது, முகத்தில் கட்டத் துணி வந்தது. உலையில் நின்றவர்களை முறைபோட்டு வேறு வேலைக்கு மாற்றினார்கள்.

வயல்காரருக்கு ஒரு கறவைப் பசு வாங்கித் தருவதாக முதலாளி சொல்லியனுப்பினார்.

"மாட்டையும் குடுக்கச் சொல்லுங்க. ஆனா தொட்டியில தண்ணி தேங்குதான்னு நான் வந்து பாத்துட்டுத்தான் பிடிச்சுக்கிட்டுப் போவேன்" என்றார் அவர். அப்படியே வந்தார். தொட்டியைச் சுற்றி நடந்து, அடிப்பக்கம் எங்காவது கசிகிறதா என்று குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அதன்பிறகுதான் பசுவின் கயிற்றைக் கையில் வாங்கினார்.

நாங்கள் அங்கே அதிக நாள் இருக்கவில்லை. டாக்டர் என் கணவரை ஸ்டோருக்கே போகக் கூடாது என்றார். டவுனில் ஒரு பஸ் கம்பெனி ஆபீஸில் வேலை கிடைத்தது; நான் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் சேர்ந்தேன். வயிற்றுவலி விட்டது. ஆனால் அவர் விரல்களில் பலம் திரும்பி வர வெகுகாலம் பிடித்தது. காலையில் சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிட வேண்டும். அவருக்கு அது பெரிய அவமானம். சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நான் பள்ளிக்கூடத்துக் கதை எதையாவது பேசிக்கொண்டே போட்டுவிடுவேன்.

ஒரு காலை நான் அடுப்படியில் இருந்தபோது, "போயிட்டு வாரேன்" என்ற குரல் வாசலில் கேட்டது. வெளியே வந்து பார்த்தேன். சட்டையைத் தானே போட்டுக்கொண்டு, தெருமுனையைத் தாண்டிக்கொண்டிருந்தார். ஒரு பொத்தான் இடம் மாறியிருந்தது போலும். கழுத்துப்பட்டி ஒருபக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. நான் கூப்பிடவில்லை.